கல்லூரி நடத்தும் கம்பெனியின் பங்கை எடைபோடுவது எப்படி?

சேலத்திலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒரு கல்லூரி வளைவு கண்ணில் படும். அவற்றில் ஒன்றின் பங்கைக்கூட நீங்கள் வாங்க முடியாது. நம் நாட்டில் பட்டம் தரும் கல்லூரியை அறக்கட்டளையோ, சங்கமோ, லாப நோக்கற்ற நிறுவனமோதான் நடத்தலாம். கல்வி வணிகமாகிவிடக் கூடாது என்று 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபமும் கட்டாய நன்கொடையும் கூடாது என்று கோடு கிழித்தது. கல்லூரியையே தொழிலாக நடத்தும் கம்பெனிகளின் பங்கு வேண்டுமென்றால் அமெரிக்கா போன்ற வெளிநாட்டுச் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் அக்கா மகன் அப்படி ஒரு பங்கைப் பற்றித்தான் கேட்டு வந்தான். "விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல ஆறு மடங்குதான் மாமா. இதைவிட மலிவாகக் கிடைக்குமா?" என்றான். தனியார் கல்லூரி ஒன்றின் கணக்குப் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். "விலை கிடக்கட்டும். அங்கே பீஸ் கட்டுவது யார், முதலில் அதைப் பார்" என்றேன்.

அமெரிக்காவில் அந்தக் கட்டணத்தின் பெரும்பகுதி மாணவரின் கையிலிருந்து வருவதில்லை. மத்திய அரசின் கல்விக் கடனாகவும் உதவித்தொகையாகவும் வருகிறது. லாப நோக்குள்ள கல்லூரிக்கு 90/10 என்று ஒரு விதி உண்டு. வருவாயில் 90 விழுக்காட்டுக்கு மேல் அரசு உதவியிலிருந்து வரக் கூடாது. தொடர்ந்து இரண்டு நிதியாண்டு மீறினால் அரசு உதவி பெறும் தகுதி போய்விடும். முன்பு முன்னாள் படைவீரர்களுக்கான கல்வி உதவி மீதிப் பத்து விழுக்காட்டுக்குள் கணக்கானது; 2023 முதல் அதுவும் அரசுப் பணமாகவே எண்ணப்படுகிறது. ஆகவே பழைய அறிக்கையின் சதவீதத்தையும் புதியதையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இந்த எண் 10-கே எனப்படும் ஆண்டறிக்கையில் இருக்கும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். எண் 85 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் நான் அந்தப் பங்கைத் தொட மாட்டேன்.

ஒரே ஆளை நம்பிப் பிழைப்பதன் ஆபத்துக்கு கொரிந்தியன் காலேஜஸ் கதை போதும். 2014 ஜூனில் அமெரிக்கக் கல்வித் துறை அந்தக் கம்பெனிக்கு உதவிப் பணம் தருவதை 21 நாள் தள்ளி வைத்தது. பணத்தை மறுக்கவில்லை, தாமதம்தான். கையில் ரொக்கம் இல்லாமல் கம்பெனி ஆட்டம் கண்டது. 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த வளாகங்களையும் மூடியது. எனவே, அரசுப் பணம் ஒரு பருவம் நின்றால் சம்பளம் போட முடியுமா என்று ரொக்கத்தைப் பாருங்கள். அதில் மாணவர் முன்கூட்டிக் கட்டிய கட்டணம் எவ்வளவு என்பதையும் கழித்துப் பாருங்கள். பாடம் நடத்தி முடிக்கும்வரை அது கம்பெனியின் பணம் ஆகாது.

அடுத்தது, மாணவர் தாமாக வருகிறாரா, பிடித்து வரப்படுகிறாரா என்பது. நான் வேலை பார்த்த இடத்தில் சேர்க்கைக் காலத்தில் புரோக்கர்களுக்குக் கொடுத்த கமிஷன் 'விளம்பரம், இதரம்' என்ற தலைப்பில் போய் உட்காரும். அந்தப் பையன்களின் பெயருக்கு எதிரே இரண்டாம் பருவத்தில் பேரேட்டில் 'டி.சி. பெற்றார்' என்று எழுதும் வேலையும் எனக்குத்தான். சில பக்கங்களில் வரிசையாக நாலைந்து பெயர், எல்லாம் ஒரே புரோக்கர் கொண்டுவந்தவை. அமெரிக்கக் கணக்கும் இதற்குச் சளைத்ததல்ல. செனட்டர் டாம் ஹார்கின் தலைமையிலான குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆராயப்பட்ட 30 கம்பெனிகள் 2009-இல் வருவாயில் 22.7 விழுக்காட்டை ஆள் பிடிக்கவும் விளம்பரத்துக்கும், 17.2 விழுக்காட்டைக் கற்பித்தலுக்கும் செலவிட்டிருந்தன.

புதிதாகச் சேர்ந்தோர், மொத்த மாணவர் என்ற இரண்டு எண்களையும் ஐந்தாண்டுக்கு எழுதிப் பாருங்கள். முதலாவது ஏறி இரண்டாவது அசையாமல் நின்றால் பின்வாசல் திறந்திருக்கிறது என்று பொருள். அக்கா மகன் பார்த்த கம்பெனி, புதிய சேர்க்கை எண்ணை வெளியிடுவதையே சில காலாண்டுகளுக்கு முன்பு நிறுத்திவிட்டிருந்தது. எனக்கு அதுவே போதுமான பதில். அவனுக்குப் போதவில்லை!

கணக்கில் 'வாராக் கடன்' என்ற தலைப்பையும் விடாதீர்கள். அரசுப் பணமாக இருக்கக் கூடாத அந்தப் பத்து விழுக்காட்டை நிரப்ப மாணவருக்குத் தானே கடன் கொடுக்கும், அல்லது வெளிக்கடனுக்கு உத்தரவாதம் நிற்கும் கம்பெனிகள் உண்டு. அப்படி உத்தரவாதம் நின்ற கடன் திட்டங்களின் மோசமான நிலையை முதலீட்டாளர்களிடம் மறைத்ததாக ஐ.டி.டி. என்ற அமெரிக்கக் கல்லூரிக் கம்பெனி மீது 2015-இல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டே கம்பெனி மூடிற்று. அடிக்குறிப்புகளில்தான் இதெல்லாம் கிடக்கும்.

படித்தவர் என்ன ஆனார் என்பதற்கு அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளம் இருக்கிறது. படிப்பை முடித்தோர், கடன், பிந்தைய சம்பளம் எல்லாம் கல்லூரி வாரியாகக் கிடைக்கும். கடன் தவறியோர் விகிதத்தை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். 2020-இல் தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டதால் அடுத்து வந்த ஆண்டுகளில் அது சும்மாவே இறங்கிவிட்டது.

இத்தனைக்கும் பிறகுதான் விலை. ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தின் தாய்க் கம்பெனியான அப்பல்லோவில் 2010-இல் ஏறத்தாழ 4.7 லட்சம் மாணவர் இருந்தனர். சேர்க்கை சரிந்துகொண்டே போய், 2017-இல் சுமார் 110 கோடி டாலருக்குத் தனியார் கைக்குப் போனது. சரியும் வழியிலும் அது பலருக்கு மலிவாகத்தான் தெரிந்தது.

நம் சந்தையில் 'கல்விப் பங்கு' என்று கிடைப்பவை பெரும்பாலும் பயிற்சி மையங்களும், கல்லூரி நடத்தும் அறக்கட்டளைகளுக்கு வேலை செய்துகொடுக்கும் சேவைக் கம்பெனிகளும்தான். நிறுவனர் குடும்பமே அறக்கட்டளையிலும் இருந்தால், அறக்கட்டளை கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி ஆண்டுதோறும் வளர்கிறதா என்று பாருங்கள். லாபம் தாளில் இருக்கும், பணம் வந்திருக்காது.

அமெரிக்கப் பங்குதான் என்று முடிவெடுத்தால், ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிப்பது நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர். ஈவுத்தொகையில் 25 விழுக்காட்டை வரியாக அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். இங்கே வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பும்போது அது நம் ஏப்ரல்–மார்ச் கணக்கல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.