போரடித்தால் என்ன செய்வது?

என்னிடம் தையல் கற்க வரும் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது, "அக்கா, போரடிக்குது." கையில் போன், காதில் பாட்டு, தள்ளத் தள்ள வீடியோ. அப்புறமும் ஏன் போரடிக்கிறது? செய்ய எதுவும் இல்லாததால் அல்ல, மனசு எதிலும் உட்காராததால். கனடாவில் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் ஈஸ்ட்வுட்டும் அவர் குழுவினரும் 2012இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: எதிலாவது ஈடுபட ஆசை இருக்கிறது, கவனம்தான் நிற்பதில்லை.

முதலில் போன். அதை விட்டுவிடச் சொல்லவில்லை, தள்ளுவதை நிறுத்துங்கள். 2024இல் வெளிவந்த டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வில், வீடியோக்களை மாற்றி மாற்றிப் பார்த்தால் போரடிக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் மாற்றிக்கொண்டே இருந்தபோதுதான் அதிகம் போரடித்தது. அதனால் எதைப் பார்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்து, ஓட்டிவிடாமல் கடைசிவரை பாருங்கள்.

அடுத்து, கைக்கு வேலை. புடவையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக ஃபால்ஸ் என்ற துணிப்பட்டையை வைத்துத் தைப்பதைப் பாருங்கள். அந்தப் பட்டையின் மேல் ஓரத்தைக் கையால் ஹெம்மிங் செய்யும்போது ஊசி புடவையில் ஓரிரு இழையை மட்டும்தான் எடுக்க வேண்டும். வெளிப்பக்கம் நூல் தெரியக்கூடாது, இழுத்தால் சுருங்கவும் கூடாது. இரண்டரை மீட்டருக்கு இதே வேலை என்றதும் பிள்ளைகள் முகம் வாடும். கை பழகிவிட்டால் சாப்பாட்டு நேரம் தாண்டுவதுகூடத் தெரியாது. வேலை ரொம்பச் சுலபமாக இருந்தாலும் போர், எட்டாத உயரத்தில் இருந்தாலும் போர். சுலபமாகிவிட்டால் தையலை இன்னும் நெருக்கமாகப் போடச் சொல்வேன். முடியவில்லை என்றால் வேஸ்ட் துணியில் ஒரு சாண் பழகச் சொல்வேன். சமையல், கணக்கு, தோட்டம் எதுவானாலும் அந்த அளவை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், ரேஷன் வரிசை, இதற்கெல்லாம் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருப்பது லேசல்ல, அது எனக்குத் தெரியும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தனி அறையில் 15 நிமிடம் சும்மா உட்கார வைத்தார்கள். பக்கத்தில் லேசாக ஷாக் அடிக்கும் பட்டன். 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் தாங்களாகவே அழுத்திப் பார்த்துவிட்டார்கள். 2014இல் வெளியான ஆய்வு இது. பால் பொங்கும்வரை போனைத் தொடாமல் நிற்பதில் தொடங்குங்கள். முதலில் கை துறுதுறுக்கும், பிறகு அடங்கும்.

வாரக்கணக்கில் எதிலுமே மனம் ஒட்டவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டது என்றால் அது வேறு விஷயம், டாக்டரைப் பாருங்கள்.

லீவில் குழந்தை "போரடிக்குதும்மா" என்றால் ஓடிப்போய் போனைக் கொடுக்காதீர்கள். வெட்டுத் துணி, பழைய பட்டன், நூல்கண்டு, இவற்றை ஒரு டப்பாவில் போட்டு எட்டும் இடத்தில் வையுங்கள். கொஞ்ச நேரம் சிணுங்கட்டும். என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கத்தரி மட்டும் முனை மழுங்கியதாக இருக்கட்டும்.