கேம்பர் வேனில் மடக்கு மேசை: விரிப்பதும் கட்டி வைப்பதும்

உள்ளேயே தங்கிப் பயணிக்க வசதி செய்த கேம்பர் வேன்களில் பரவலாகப் புழங்குவது ஒற்றைக்கால் மேசை. பலகையின் ஒரு விளிம்பில் உள்ள கொக்கி, பக்கச்சுவரில் பொருத்திய அலுமினிய ரெயிலில் மாட்டிக்கொள்ளும். எதிர் விளிம்பை மடங்கும் கால் ஒன்று தாங்கும். பலகை பெரும்பாலும் 15 மி.மீ. பிளைவுட், மேலே லேமினேட். பிளைவுட்டின் ரகத்தைப் பொறுத்து எடை 3 முதல் 5 கிலோ வரை வரும்.

விரிக்கும் முன் வேன் சமதளத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தரை சாய்வாக இருந்தால் தாழ்ந்த பக்கச் சக்கரங்களைச் சாய்வுக்கட்டையில் ஏற்றி நிறுத்தி, கைபிரேக்கைப் போடுங்கள். சரிவில் விரித்த மேசையின் கால் நேராக ஊன்றாது, கொக்கியும் ரெயிலில் பாதிதான் உட்காரும்.

பலகையின் வெளி விளிம்பை உயர்த்திப் பிடித்து, கொக்கியை ரெயிலின் முழு நீளத்துக்கும் நுழையுங்கள். ஒரு முனை மட்டும் மாட்டி மறுமுனை வெளியே நிற்பது அடிக்கடி நடக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பலகையைக் கீழே விடாமல், மறு கையால் காலை விரியுங்கள். ‘டக்’கென்று பூட்டு விழும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். காலை மடங்கும் திசையில் ஒருமுறை தட்டுங்கள். அசையாமல் நின்றால்தான் பூட்டு முழுதாக விழுந்திருக்கிறது. கடற்கரையில் தங்கிய பிறகு பூட்டுக்குள் மணல் புகுந்து, விழுந்தது போலக் காட்டி ஏமாற்றும். பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட்டு, காய்ந்து நிற்கும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். எண்ணெய் விட்டால் அடுத்த மணலும் அதிலேயே ஒட்டும்.

கனமான பாத்திரம், தண்ணீர்க்குடம் எல்லாம் சுவர்ப்பக்கம் இருக்கட்டும். வெளிமூலையில் கையூன்றி எழுந்திருப்பதுதான் இந்த மேசையைக் கெடுக்கும் முதல் பழக்கம். கால் வெளி விளிம்பின் நடுவில் இருப்பதால், மூலையில் விழும் பாரம் நெம்புகோல் போல வேலை செய்து, காலைப் பலகையோடு இணைக்கும் கீலின் ஸ்க்ரூக்களைப் பிடுங்குகிறது. 15 மி.மீ. பலகையில் 12 மி.மீ. ஸ்க்ரூதான் போட முடியும், அதன் பிடிமானம் அவ்வளவுதான். தளர்ந்த ஓட்டையில் இன்னும் நீளமான ஸ்க்ரூவைப் போட்டால் மேல் லேமினேட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டையை 8 மி.மீ. அகலத்துக்கும் 12 மி.மீ. ஆழத்துக்கும் பெரிதாக்கி, கடினமரக் குச்சியை மரப்பசை தடவி இறக்குங்கள். ஒரு நாள் காய்ந்தபின் மெல்லிய ஓட்டை போட்டு, பழைய அளவு ஸ்க்ரூவையே முடுக்கலாம்.

இனி கட்டி வைப்பது. இதில்தான் உயிர் இருக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் போகும் வேன் மோதி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னே பாயும். 5 கிலோ மேசை 100 கிலோவாகிப் பின்னாலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஓடும் வேனில் மேசை விரிந்திருக்கக் கூடாது. குழந்தை வரைகிறது, இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும் கூடாது. பிரேக் அடிக்கும்போது பலகையின் விளிம்பு நேராக வயிற்றில் இறங்கும்.

வைக்க நல்ல இடம், ஓட்டுநருக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு இருந்தால் அதை ஒட்டி, தரையோடு நிமிர்த்தி வைப்பது. இல்லையென்றால் பெஞ்சுக்கு அடியில், மூடி பூட்டிய பெட்டிக்குள். தலைக்கு மேலிருக்கும் அலமாரி வேண்டாம். தள்ளித் திறக்கும் பக்கக் கதவின் வழியையும் ஃப்ரிட்ஜின் காற்றுத்துளையையும் மேசை மறைக்கக் கூடாது.

நிமிர்த்தி வைப்பதென்றால் காலை மடக்கிப் பூட்டி, கால்பக்கம் தடுப்பைப் பார்க்க வையுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என 25 மி.மீ. அகலப் பட்டைகள் இரண்டு வேண்டும், இழுத்து இறுக்கும் பக்கிளோடு. எலாஸ்டிக் கயிறு இதற்கு ஆகாது, அது நீண்டுகொடுத்து மேசையை வெளியே விட்டுவிடும். பட்டையைப் பிடிக்கும் வளையம் அலமாரியின் மெல்லிய பலகையில் இருந்தால் பயனில்லை. வேனின் இரும்புச் சட்டத்தில் எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டால், பின்புறம் அகலமான வாஷரோ தகடோ கொடுத்து முடுக்குங்கள். துளையிடுமுன் மறுபக்கம் வயரோ பெட்ரோல் குழாயோ போகிறதா என்று பார்ப்பது கட்டாயம். பலகைக்கும் தடுப்புக்கும் நடுவே 5 மி.மீ. ஃபோம் ஒட்டினால் கடகட சத்தம் வராது, லேமினேட்டும் தேயாது.

ஈரத்தோடு மடக்கி வைத்தால் பிளைவுட்டின் விளிம்பு உப்பிக்கொள்ளும், பிறகு கொக்கி ரெயிலில் நுழையாது. துடைத்து, காயவிட்டுக் கட்டுங்கள். கட்டியபின் மேல்விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் பலமாக இழுங்கள். ஒரு விரல் அகலம் அசைந்தாலும் பட்டையை மறுபடி இறுக்குங்கள். புதுப் பட்டை முதல் சில கிலோமீட்டரிலேயே கொஞ்சம் தளரும், அதனால் முதல் நிறுத்தத்தில் இன்னொருமுறை இழுத்துப் பாருங்கள்.