காட்டுமாட்டைக் காரில் இருந்தே பாருங்கள்

கோத்தகிரி பக்கம் வருகிறவர்கள் தேயிலைக்குள் காட்டுமாடு மேய்வதைப் பார்த்ததும் காரை விட்டு இறங்கிவிடுகிறார்கள். நான் இங்கே டாக்ஸி ஓட்டுகிறேன். என் வண்டியில் வருகிறவர்களை அப்படி இறங்க விடமாட்டேன். வளர்ந்த ஆண் 1,000 கிலோ வரை இருக்கும்.

வளைவில் நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிறவருக்குத் தெரியும் இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். ஹாரன் வேண்டாம். பெரிய மாடு ரோட்டைக் கடந்த உடனே கிளம்பாதீர்கள், கன்று பின்னால் வரலாம். மூடுபனியில் கறுத்த உடம்பு தெரியாது, முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளைதான் முதலில் கண்ணில் படும்.

அப்புறம் தலையைக் கவனியுங்கள். காதை ஆட்டிக்கொண்டு மேய்ந்தால் சரி. தலையைத் தூக்கி வைத்த கண் வாங்காமல் பார்த்து, புஸ்ஸென்று மூச்சு விட்டால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆண் மாடு உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி விறைப்பாக நிற்பது போட்டோவுக்காக அல்ல. தன் பருமனைக் காட்டி எச்சரிக்கிறது. வண்டியை மெதுவாக நகர்த்திவிடுங்கள்.

பழம், பிஸ்கட் எதுவும் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தின்று பழகிய மாடு அடுத்து எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதே வாசலில்தான் இறங்க வேண்டும்.