ஜோனிங்கை மட்டும் பார்த்து நிலம் வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். கலிஃபோர்னியாவில் நகர எல்லைக்கு வெளியே, கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்தின் கீழ் வரும் நிலம் பத்து ஏக்கர் பார்த்து வைத்திருக்கிறார். "அண்ணா, ஜோனிங் பாத்துட்டேன். அஞ்சு ஏக்கருக்கு ஒரு வீடு. ரெண்டா பிரிச்சிடலாம். அட்வான்ஸ் கொடுத்துடவா?"

ஜோனிங் என்பது ஒரு நிலத்தில் என்ன கட்டலாம் என்ற விதி. அதற்கு மேலே இருக்கும் ஜெனரல் பிளானைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நில அனுமதி வேலைக்கு வந்த புதிதில் நானும் இதே இடத்தில்தான் வழுக்கினேன். அதனால்தான் நிலம் வாங்குபவர்கள் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். விலை விசாரிப்பது, வரி பாக்கி பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஜோனிங் சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பது

கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒரு ஜெனரல் பிளான் இருந்தாக வேண்டும். எந்தப் பக்கம் வீடு வரலாம், எது விவசாயமாகவே இருக்க வேண்டும், எத்தனை ஏக்கருக்கு ஒரு வீடு என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஜோனிங் அதற்கு அடுத்த படி. உங்கள் பார்சலில், அதாவது நிலத் துண்டில், என்ன கட்டலாம், எவ்வளவு உயரம், எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று சொல்வது அது. பிளானுக்கு ஜோனிங் கட்டுப்பட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பிளானுக்கு முரணாக நிறைவேற்றிய ஜோனிங் விதி பிறக்கும்போதே செல்லாது என்று வால்நட் கிரீக் நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1990இல் சொல்லிவிட்டது.

அப்படியானால் இரண்டும் எப்போதும் ஒத்துப்போக வேண்டுமே? போகாது. பிளானைத் திருத்திய பிறகு ஜோனிங்கை அதற்கேற்ப மாற்ற, சட்டம் "நியாயமான காலம்" கொடுக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பதிக்கும் பத்து ஏக்கர்தான். இரண்டு மகன்கள். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து அந்த அம்மா பென்சிலால் நடுவில் ஒரு கோடு போட்டார். "வாதுமை மரம் இருக்கிற பக்கம் பெரியவனுக்கு." ஜோனிங்கில் ஐந்து ஏக்கர் என்றுதான் இருந்தது. தாராளமாகப் பிரிக்கலாம் என்று சொன்னவன் நான். சர்வேயர் வந்தார். செப்டிக்குக்காகக் குழி தோண்டி, தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் அவர்கள் பணம் கட்டினார்கள். அப்புறம் கவுன்ட்டி ஊழியரின் அறிக்கை வந்தது. சில வருடங்களுக்கு முன்பே பிளானைத் திருத்தி, அந்தப் பகுதிக்கு இருபது ஏக்கருக்கு ஒரு வீடு என்று ஆக்கிவிட்டிருந்தார்கள். ஜெனரல் பிளானோடு ஒத்துப்போகாத மனைப் பிரிவை நிராகரித்தே ஆக வேண்டும். அதிகாரி மனது வைத்தாலும் நடக்காது.

பிளானையே திருத்தக் கேட்கலாம். அதற்குச் சுற்றுச்சூழல் ஆய்வு, பிளானிங் கமிஷன் ஹியரிங், அதன் மேல் கவுன்ட்டியை நடத்தும் சூப்பர்வைசர் போர்டு. பிளானின் கட்டாயப் பகுதி எதையும் பொதுவாக வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் திருத்த முடியாது என்பதால் வரிசையில் வேறு நிற்க வேண்டும். அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். அரை மணி நேரத்தில் நான் பார்த்திருக்க வேண்டிய பக்கம் அது. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

பார்சல் எண்ணை வைத்து இரண்டு வரைபடத்தையும் பாருங்கள். பிளான் வரைபடத்தின் நிறத்தோடு நிறுத்தாமல், அந்த நிறத்துக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பதையும் படியுங்கள். உங்கள் பகுதிக்குத் தனி ஏரியா பிளான் உண்டா என்று கேளுங்கள்.

பிளானில் குடியிருப்பு என்று இருந்தால் உடனே கட்டலாம் என்று நம்புவது

ஜோனிங் இன்னும் விவசாயமாக இருந்தால், உடனே குடியிருப்பு மனை போட்டுவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். "நாளைக்கு ரெசிடென்ஷியல் ஆகிவிடும்" என்று புரோக்கர் சொல்வதற்கு இன்றைய விலையில் பணம் கொடுக்காதீர்கள்.

அசெசர் எண்ணை நம்புவது

சொத்து வரிக்காக நிலத்தை மதிப்பிடும் அசெசர் அலுவலகம் கொடுக்கும் பார்சல் எண் அது, வரி வசூலுக்கானது. ஒரே நிலத்துக்கு இரண்டு எண் இருப்பதால் சட்டப்படி அது இரண்டு மனை ஆகிவிடாது. சட்டப்படி அது தனி மனைதான் என்று கவுன்ட்டி தரும் சர்டிஃபிகேட் ஆஃப் கம்ப்ளையன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வில்லியம்சன் ஒப்பந்தத்தைக் கவனிக்காமல் விடுவது

விவசாய நிலத்தைக் காக்க வந்த 1965ஆம் வருடச் சட்டத்தின்படி, நில உரிமையாளர் கவுன்ட்டியோடு போடும் ஒப்பந்தம் இது. வரி குறையும், பதிலுக்கு நிலம் குறைந்தது பத்து வருடம் விவசாயத்துக்குக் கட்டுப்படும். ஒப்பந்தம் வருடா வருடம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வாங்குபவரையும் பிடிக்கும். புதுப்பிக்க வேண்டாம் என்று நோட்டீஸ் கொடுத்தாலும் மிச்ச வருடங்கள் ஓடித் தீர வேண்டும்.

வேரியன்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்பது

வேரியன்ஸ் என்றால் ஜோனிங் விதியிலிருந்து விலக்கு. ஜோனிங்கில் இல்லாத பயன்பாட்டுக்கு அது கிடைக்காது.

வாய்வார்த்தையாகக் கேட்டு வருவது

கவுன்ட்டி அலுவலகம் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.

பிரிப்பது ஒன்றுதான் வழி என்று நினைப்பது

வீடு கட்ட அனுமதியுள்ள மனையில் ஏடியு எனப்படும் துணை வீடு கட்ட இப்போது மாநிலச் சட்டமே வழி விடுகிறது. அடர்த்திக் கணக்கில் அது சேராது, பிளானோடும் ஜோனிங்கோடும் ஒத்துப்போவதாகவே கருதப்படும். ஏற்கெனவே வீடு இருந்தால், முழுமையான விண்ணப்பம் கொடுத்த 60 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பொதுவாகத் தனியாக விற்க முடியாது, அவ்வளவுதான்.

தம்பியின் பத்து ஏக்கருக்குப் பிளானில் நாற்பது ஏக்கருக்கு ஒரு வீடு என்று இருக்கிறது. அட்வான்ஸை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பழைய வீடு ஒன்று அங்கே நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை, துணை வீட்டுக்கான இரண்டாவது செப்டிக்குக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க நானும் கூடப் போகிறேன்.