நமாசு-எ: கெளுத்தி மீன் படத்தைப் படிப்பது எப்படி?

1855 நவம்பர் 11 இரவு எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, நிலநடுக்கத்தில் குலுங்கியது. பல ஆயிரம் பேர் இறந்தார்கள். இடிபாடுகளை அள்ளி முடிப்பதற்குள் தெருவில் மரக்கட்டை அச்சுப் படங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. படத்துக்குப் படம் ஒரு கெளுத்தி மீன், அதுவும் கேலியாக! இவைதான் நமாசு-எ. நமாசு என்றால் கெளுத்தி, எ என்றால் படம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த வரிசையில் பார்த்துப் பழகுங்கள்.

படி 1: மூலைகளில் கையெழுத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்காது. அந்தக் கால அச்சுப் படங்களில் ஓவியர் பெயரும் தணிக்கை முத்திரையும் இருக்கும். இவை அனுமதி வாங்காமல் அச்சிட்டவை. இரண்டு மாதத்துக்குள் அரசு தடுத்துவிட்டது. அதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் வந்திருந்தன.

படி 2: அடுத்து கல்லைத் தேடுங்கள். பூமிக்கடியில் ஒரு ராட்சதக் கெளுத்தி கிடக்கிறது, அது புரண்டால் நிலம் குலுங்கும், அதனால் காஷிமா கோயில் தெய்வம் அதன் தலையைக் கல்லால் அழுத்தி வைத்திருக்கிறது என்பது நம்பிக்கை. நிலநடுக்கம் வந்தது பழைய நாட்காட்டியில் பத்தாம் மாதம். ஊர்த் தெய்வங்கள் எல்லாம் இசுமோ கோயிலில் கூடும் மாதம். காவலுக்கு விட்டுப்போன எபிசு என்ற தெய்வம் தூங்கிவிட்டாராம்! சில படங்களில் அவர் அசடு வழிய நிற்பார். (அந்தக் கல் காஷிமாவில் இன்றும் இருக்கிறது. வெளியே தெரிவது கொஞ்சம்தான்.)

படி 3: இதில்தான் நிதானம் வேண்டும். மீனை யார் அடிக்கிறார்கள் என்று எல்லாரும் பார்ப்பார்கள். யார் அடிக்கவில்லை என்று நீங்கள் பாருங்கள். ஒரு படத்தில் யோஷிவாரா என்ற எடோவின் கேளிக்கைப் பகுதி விலைமாதர்கள் கூடி மீனைப் போட்டு மொத்துகிறார்கள். கண்ணை அப்படியே மேலே இடது மூலைக்குக் கொண்டுபோங்கள். சின்னதாகச் சில ஆட்கள் ஓடி வருகிறார்கள். அடிக்க அல்ல, மீனைக் காப்பாற்ற! அவர்கள் கட்டட வேலைக்காரர்கள். இடிந்த ஊரைக் கட்ட வேண்டுமே, தச்சருக்கும் பூச்சு வேலைக்காரருக்கும் கூரை வேய்பவருக்கும் கூலி ஏறிவிட்டது. ஆள் யார் என்று தெரியாவிட்டால் கையில் உள்ள கருவியைப் பாருங்கள்.

படி 4: தங்கக் காசு எங்கிருந்து வருகிறது? நீள்வட்டமாக இருப்பவை அவை. சில படங்களில் பணக்காரர்கள் அவற்றை வாந்தி எடுக்கிறார்கள். பதுக்கிய பணம் வெளியே வந்து ஏழைகள் கைக்குப் போகிறது. உலகைச் சீர்செய்தல் என்ற பொருளில் இதை 'யோநாவோஷி' என்பார்கள். அரசுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று இப்போது தெரிகிறதா?

படி 5: சுற்றியுள்ள எழுத்து. பெரும்பாலும் பேச்சும் சிலேடையும்தான். ஆரம்பத்தில் விட்டுவிடலாம்.

சரி, பழகிப் பார்க்க டோக்கியோ பல்கலைக்கழக நூலகத்தின் இஷிமோதோ தொகுப்பில் இந்தப் படங்கள் இருக்கின்றன. தச்சர் இருக்கும் படமாக ஒன்றை எடுத்து ஆரம்பியுங்கள்.