அறைக்குள் அறை இருக்கும் பழைய வீடு: விலை எவ்வளவு குறையும், எதைச் சரிசெய்யலாம்?

விளம்பரத்தில் "மூன்று படுக்கையறை" என்று போட்டுவிட்டு, பார்க்க வந்தவரை இரண்டாவது அறை வழியாக மூன்றாவதற்குக் கூட்டிப்போனால், அந்த நிமிடமே அவர் கணக்கில் அது இரண்டு படுக்கையறை வீடு. வாய்திறந்து சொல்ல மாட்டார். பேரம் பேசும்போது தெரியும்.

வீட்டு மதிப்பீடு என் தொழில். பழைய வீடுகளில் இந்தக் கோளாறு வராவிட்டால்தான் ஆச்சரியம். குடும்பம் பெருகப் பெருக வராந்தாவை அடைத்து ஓர் அறை, பின்பக்கம் இன்னோர் அறை என்று சேர்த்திருப்பார்கள். புது அறைக்குப் போக வழி வேண்டுமே, பழைய அறையில் இன்னொரு கதவை வைத்துவிடுவார்கள். அங்கேயே வளர்ந்தவர்களுக்கு அது குறையாகவே தெரியாது. ஆகவே விலை சொல்வதற்கு முன் டேப்பை எடுத்து அளந்து, வீட்டை ஒரு தாளில் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் எந்தச் சுவரில் என்பதையும் குறியுங்கள். ஒவ்வொரு அறையிலும் 5 அடிக்கு 6½ அடியில் ஒரு கட்டிலைப் போட்டுப் பாருங்கள். 2 அடி ஆழ அலமாரியையும், அதைத் திறந்து நிற்க இடத்தையும் சேர்த்து வரையுங்கள்.

எதைப் படுக்கையறை என்று எண்ணலாம்? என் கணக்கு எளிது. அடுத்தவர் கட்டிலைத் தாண்டாமல் போக முடியணும், வெளிக்காற்று வரும் ஜன்னல் இருக்கணும், கதவைச் சாத்த முடியணும். அளவுக்குச் சர்வதேச குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு நல்ல அளவுகோல்: குறைந்தது 70 சதுர அடி, எந்தப் பக்கமும் 7 அடிக்குக் குறையக்கூடாது. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

நான் அடிக்கடி பார்க்கும் அமைப்பு இது. நடு அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். இரண்டு 10 அடிச் சுவர்களின் நடுவிலும் எதிரெதிரே கதவுகள். நடக்க 3 அடி விட்டால் இருபுறமும் 3½ அடிப் பட்டைகள்தான் மிச்சம். எந்தப் பக்கமும் 5 அடிக் கட்டில் நிற்காது. 120 சதுர அடி அறை, ஆனால் ஒருவர் நிம்மதியாகப் படுக்க வழியில்லை! இரண்டு கதவுகளையும் ஒரே ஓரத்துக்கு நகர்த்தினால் 7 அடிக்கு 12 அடி என்று ஒரே துண்டாக இடம் கிடைக்கும். கட்டிலை நீளவாக்கில் சுவரோடு போட்டாலும் பக்கத்தில் 2 அடி மிஞ்சும்.

"அப்படியே ஒரு சுவர் எழுப்பித் தனி வழியாக்கிவிட்டால்?" என்று எல்லோரும் கேட்பார்கள். கூட்டிப் பாருங்கள். வழிக்கு 3 அடி, பூச்சோடு சுவருக்கு அரை அடி. அறைக்கு மிஞ்சுவது 6½ அடி. 7 அடி கணக்கில் தோற்றுவிடும். வழியைச் சுருக்கினால் அலமாரி உள்ளே போகாது. வழி விழும் பக்கத்தில் ஜன்னல் இருந்தால் வெளிச்சமும் போச்சு. அறை 11 அடி அகலமிருந்தால் சுவரைப் பற்றி யோசிக்கலாம். 10 அடியில் வேண்டாம், கதவை மட்டும் நகர்த்துங்கள். அதற்கும் முன்னால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பழைய கட்டடங்களில் உள்சுவரே கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கும். தட்டிப் பார்த்துச் சொல்லும் மேஸ்திரியை இந்த ஒரு விஷயத்தில் நான் நம்புவதில்லை.

குளியலறைக்கு ஒரு படுக்கையறை வழியாகத்தான் போகணும் என்றால் வேலை சுலபம். பொதுப்பக்கச் சுவரில் இரண்டாவது கதவு வைக்க முடியுமா என்று பாருங்கள், இரண்டுக்கும் உள்தாழ்ப்பாள் போடுங்கள்.

இனி விலை. உங்கள் பகுதியில் சமீபத்தில் விற்ற, ஏறக்குறைய அதே பரப்பும் வயதும் உள்ள வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு, ஒழுங்கான மூன்று அறை வீடு 100க்குப் போகிறது, இரண்டு அறை வீடு 85க்கு. உங்கள் வீடு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. சரிசெய்ய 4 ஆகும் என்றால், வாங்குபவர் 4 மட்டும் கழிக்க மாட்டார். தூசி, அலைச்சல், பயம் எல்லாம் சேர்த்து 7 கழிப்பார். நீங்களே செய்து விற்றால் கையில் 96, அப்படியே விட்டால் 93. செய்யுங்கள். அதே வேலைக்கு 20 ஆகும் என்றால் தொடாதீர்கள். குறை அதிகபட்சம் 15தான், அதற்காக 20 செலவழிப்பது நட்டம்.

இரண்டு சின்ன அறைகளை இடித்து ஒரே பெரிய அறையாக்கும் ஆசை சிலருக்கு வரும். நான் தடுத்துவிடுவேன். வீடு தேடுபவர்கள் இணையத்தில் அறை எண்ணிக்கையை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். மூன்று இரண்டானால் பாதிப்பேர் கண்ணிலேயே படமாட்டீர்கள்.

சரிசெய்ய முடியாத வீட்டை "இரண்டு படுக்கையறை, ஒட்டினாற்போல் ஒரு சிறு அறை" என்றே எழுதுங்கள், வரைபடத்தையும் போடுங்கள். அந்த நடு அறையில் கட்டில் போட்டுக் காட்டவேண்டாம். மேஜை நாற்காலி போட்டால் படிப்பறை. தொட்டில் போட்டால் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அதுவே வசதி. மூன்று என்று நம்பி வந்து முகம் சுளிப்பவரைவிட, இரண்டு என்று வந்து கூடுதலாக ஒன்றைப் பார்ப்பவர் நல்ல விலை கொடுப்பார்.

கடைசியாக, அடைத்த வராந்தா அங்கீகரித்த வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அதை அறையாகச் சேர்க்காமல் விடலாம், கடன் தொகையும் குறையும். முன்பணம் வாங்கிய பிறகு இது தெரியவந்தால் பேரம் முதலிலிருந்து தொடங்கும். முறைப்படுத்த வழியிருந்தால் விளம்பரம் போடும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.