இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது கூடுதலாகப் போகும் முத்திரை வரி: எது திரும்ப வரும், எது வராது

வாடகைக்குக் கொடுக்கிற காசை மார்ட்கேஜுக்குக் கட்டலாமே என்ற கணக்கு இங்கே வந்த எல்லோருக்கும் சீக்கிரமே வந்துவிடும். டெபாசிட்டுக்குப் பணம் புரட்டி, கடன் ஒப்புதல் வாங்கி, எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில் வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர், அதாவது சொலிசிட்டர், கணக்குத்தாள் ஒன்றை அனுப்புவார். ஸ்டாம்ப் டியூட்டி என்ற இடத்தில் நீங்கள் நினைத்ததைவிட 20,000 பவுண்டு அதிகமாக இருக்கும். “இப்போ கட்டிடுங்க, அப்புறம் ரிஃபண்ட் வாங்கிக்கலாம்” என்று தெரிந்தவர் யாராவது சொல்வார். சிலருக்கு அது உண்மை. பலருக்கு அந்தப் பணம் போனது போனதுதான். நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் சாவி கைக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

நான் சொல்லப்போவது இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் வரியின் பெயரே வேறு. கூடுதல் வீட்டுக்கு 2024 டிசம்பரிலிருந்து 8 சதவீதம். வேல்ஸுக்கும் தனி வரி, தனி அலுவலகம். கிளாஸ்கோவிலோ கார்டிஃபிலோ இருப்பவர்கள் லண்டன் நண்பர் சொல்கிற கணக்கை நம்ப வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. 4,00,000 பவுண்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் இருக்கும் விகிதப்படி முதல் 1,25,000க்கு வரி இல்லை, அடுத்த 1,25,000க்கு 2 சதவீதம், மீதிக்கு 5 சதவீதம். மொத்தம் 10,000 பவுண்டு. வாழ்க்கையில் முதல்முறை வீடு வாங்குகிறவராக இருந்தால் 3,00,000 வரை ஒன்றும் இல்லை; 5,000 மட்டும் கட்டினால் போதும். ஆனால் இதன்மேல் இரண்டு கூடுதல் வரிகள் ஏறலாம். வெளிநாட்டில் இருந்தவர் என்பதற்காக 2 சதவீதம், அதாவது 8,000. இன்னொரு வீடு வைத்திருக்கிறீர்கள் என்பதற்காக 5 சதவீதம், அதாவது 20,000. இரண்டும் சேர்ந்தால் 10,000 என்பது 38,000 ஆகிவிடும். புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டிலும்தான். திரும்ப வாங்க வழி இருப்பதும் பெரும்பாலும் இவற்றில்தான்.

183 நாள் கணக்கு

2 சதவீதம் சுலபமானது. குடியுரிமை, விசா வகை, வருமான வரிக்கு நீங்கள் எந்த நாட்டவர் என்பதெல்லாம் இதில் வராது. வீடு உங்கள் பெயருக்கு வரும் நாளுக்கு முந்தைய ஒரு வருடத்தில் 183 நாளாவது இந்த நாட்டில் இருந்தீர்களா என்பது மட்டும்தான் கேள்வி. நள்ளிரவில் இங்கே இருந்தால் அந்த நாள் கணக்கில் சேரும். வந்து இறங்கிய நாள் சேரும், ஊருக்குக் கிளம்பிய நாள் சேராது.

ஒருவர் 2025 மார்ச் 10 அன்று ஹீத்ரோவில் இறங்கினார், ஜூலை 1 அன்று கம்ப்ளீஷன் (வீடு பெயருக்கு வரும் நாள்) என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அவர் இங்கே இருந்தது 114 நாள். 2 சதவீதம் கட்டியாக வேண்டும். ஆனால் சட்டம் பின்னால் மட்டும் பார்ப்பதில்லை, முன்னாலும் பார்க்கிறது. கம்ப்ளீஷனுக்கு ஒரு வருடம் முன்பும் ஒரு வருடம் பின்பும் உள்ள காலத்துக்குள், தொடர்ந்த ஏதாவது 365 நாளில் 183 நாள் இங்கே இருந்துவிட்டால் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். எங்கும் போகாமல் இருந்தால் செப்டம்பர் 8 அன்று அவருக்கு 183 நாள் நிறைந்துவிடும். கேட்பதற்கு வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்திக் கடிதம் போட மாட்டார்கள். வரியைக் கட்டிவிட்டு மறந்துவிட்டால் மறந்ததுதான்.

கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து வாங்கினால் இருவரில் ஒருவர் 183 நாள் நிறைவு செய்திருந்தால் போதும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினால் அப்படியில்லை. இருவரில் ஒருவருக்கு நாள் குறைந்தாலும் வரி முழு விலைக்கும் விழும்.

சான்றுக்குப் பாஸ்போர்ட்டை மட்டும் நம்பியிருக்காதீர்கள். இந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போது முத்திரை குத்துவதில்லை. விமானச் சீட்டு, போர்டிங் பாஸ், சம்பளச் சீட்டு, கவுன்சில் டாக்ஸ் பில் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். இன்னும் சில வாரத்தில் 183 நாள் ஆகிவிடும் என்றால், கம்ப்ளீஷன் தேதியைத் தள்ளிவைக்க விற்பவர் சம்மதிப்பாரா என்று கேட்டுப்பாருங்கள். 8,000 பவுண்டைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பதைவிட அது நல்லது.

ஊரில் இருக்கும் வீடு

5 சதவீதம்தான் நம் ஆட்களைப் படுத்துவது. இந்த வரி 2016இல் 3 சதவீதமாகத் தொடங்கி, 2024 அக்டோபர் 31 முதல் 5 ஆனது. “இன்னொரு வீடு” என்பது இந்த நாட்டு வீடு மட்டும் இல்லை. தாம்பரத்து ஃபிளாட்டும் சேரும், யாழ்ப்பாணத்து வளவில் நிற்கும் வீடும் சேரும். கணவன் மனைவி ஒரே ஆள் மாதிரி; அவர் பெயரில் இருப்பது உங்கள் பெயரில் இருப்பது போலத்தான். முதல்முறை வாங்குபவருக்கான சலுகையும் இதே வாசலில் நின்றுவிடும். உலகத்தில் எங்காவது வீடு உங்கள் பெயரில் இருந்தது என்றால், அது பரம்பரையாக வந்தது என்றாலும், நீங்கள் முதல்முறை வாங்குபவர் இல்லை.

சில விலக்குகள் உண்டு. உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் 5 சதவீதத்துக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்திய ரூபாயில் அது ஏறக்குறைய அரைக்கோடி. ஒரு கோடியே இருபது லட்சம் பெறுமானமுள்ள வீட்டில் மூன்று பேருக்குச் சம பங்கு என்றால் உங்களுடையது நாற்பது லட்சம், தப்பித்தீர்கள். பரம்பரையாக வந்த பங்கு பாதிக்கு மேல் போகாமல், வந்து மூன்று வருடமும் ஆகாமல் இருந்தால் அதுவும் விலக்கு. வெறும் நிலம் வீடு ஆகாது. இந்தக் கணக்கையெல்லாம் சொலிசிட்டர் தானாகப் போட மாட்டார். “வேறு வீடு இருக்கிறதா?” என்று படிவத்தில் ஒரு கேள்வி கேட்பார், நீங்கள் எழுதுவதை வைத்து மேலே போவார். அதனால் பங்கு எவ்வளவு, மதிப்பு எவ்வளவு, எப்போது வந்தது என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.

“ஊரில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து வருடம் கழித்து அந்த வீட்டை விற்றுப் பணத்தை இங்கே கொண்டுவரும்போது வங்கி கேட்கும், எங்கிருந்து வந்தது என்று. பத்திரத்தைக் காட்டுவீர்கள். பத்திரத்தில் தேதி இருக்கும்.

சரி, 5 சதவீதம் கட்டிவிட்டீர்கள். எப்போது திரும்ப வரும்? ஊரில் இருந்த அந்த வீடு நீங்கள் குடியிருந்த வீடாக இருந்திருக்க வேண்டும். இங்கே வாங்கிய நாளுக்கு முந்தைய மூன்று வருடத்தில் எப்போதாவது அது உங்கள் முதன்மை வீடாக இருந்திருக்க வேண்டும். இங்கே வாங்கியதும் குடியிருக்கத்தான் இருக்க வேண்டும். வாங்கி மூன்று வருடத்துக்குள் பழையதைக் கைமாற்றிவிட வேண்டும். 2024 ஜூனில் தாம்பரத்து ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு வந்தவர் 2025 ஜூலையில் லண்டன் ஹாரோவில் வாங்கினால், 2028 ஜூலைக்குள் தாம்பரத்தை விற்றால் 20,000 திரும்ப வரும். அதே ஆள் 2027 ஆகஸ்ட் வரை காத்திருந்து வாங்கினால் மூன்று வருடம் தாண்டிவிட்டது. பிறகு விற்றும் பலன் இல்லை.

வாடகைக்கு விட வாங்கிப்போட்ட ஃபிளாட், அப்பா அம்மா இருக்கும் வீட்டில் உங்கள் பெயருக்கு இருக்கும் பாதி, நீங்கள் ஒருநாளும் குடியிருக்காத சீதன வீடு, இவற்றை இங்கே வீடு வாங்கியபின் விற்றால் ஒரு காசும் திரும்ப வராது. இவற்றைக் கைமாற்றுவதாக இருந்தால் கம்ப்ளீஷனுக்கு முன்பே செய்துவிட வேண்டும். அன்றிரவு உங்களிடம் வேறு வீடு இல்லை என்றால் 5 சதவீதமே கிடையாது, ரிஃபண்ட் பேச்சும் கிடையாது. இதை ஆறு மாதம் முன்பே யோசிக்காமல் விட்டுத்தான் பலரும் பணத்தை இழக்கிறார்கள்.

விற்கத்தான் வேண்டும் என்றில்லை. தம்பிக்கோ அம்மாவுக்கோ தானமாக எழுதிக் கொடுத்தாலும் கணக்கில் வரும். மனைவி பெயருக்கோ கணவர் பெயருக்கோ மாற்றினால் வராது. பாதியை எழுதிக் கொடுத்துப் பாதியை வைத்துக்கொண்டாலும் வராது. ஹாரோ வீடு இருவர் பெயரில் என்றால், தாம்பரத்தில் இருவரும் குடியிருந்திருக்க வேண்டும். கல்யாணமாகி நேரே இங்கே வந்த பெண்ணின் பெயரையும் பத்திரத்தில் சேர்ப்பதற்கு முன் இதைச் சொலிசிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கேட்பது எப்படி

5 சதவீதத்துக்கு எச்.எம்.ஆர்.சி. (இந்த நாட்டு வரித்துறை) தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். பழைய வீடு கைமாறி 12 மாதம், அல்லது புது வீட்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 12 மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை அவகாசம். ரிட்டர்ன் என்பது வாங்கி 14 நாளுக்குள் சொலிசிட்டர் உங்களுக்காகத் தாக்கல் செய்தது. அதற்கு ஒரு பரிவர்த்தனை எண் இருக்கும். அந்த எண் இல்லாமல் ஒன்றும் நகராது. தாக்கல் ஆனதுமே ரிட்டர்ன் நகலைச் சொலிசிட்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து அந்த அலுவலகம் இருக்குமோ இருக்காதோ.

ஊர்ப் பத்திரங்களில் பெயர்தான் பெரிய தலைவலி. தாம்பரத்துக் கிரயப் பத்திரத்தில் கு. செந்தில்நாதன், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து செந்தில்நாதன் குமாரசாமி, இங்கே ரிட்டர்னில் மிஸ்டர் குமாரசாமி. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்துவையுங்கள். தமிழில் இருக்கும் பத்திரத்துக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். குடியிருந்ததற்குக் கரண்ட் பில், கேஸ் பில், ரேஷன் கார்டு. இலங்கையில் என்றால் கிராம சேவகர் தரும் வதிவிடச் சான்று. பவர் கொடுத்து விற்றால், பவர் எழுதிய தேதியை விட்டுவிட்டு விற்பனை பதிவான தேதியைப் போடுங்கள்.

வீடு வாங்கிய சில மாதத்தில் இன்னொரு ரகக் கடிதம் வரும். “நீங்கள் கூடுதல் வரி கட்டியிருக்கிறீர்கள், நாங்கள் மீட்டுத் தருகிறோம், கிடைத்தால் மட்டும் கமிஷன்” என்று. பாத்ரூம் பழுதாக இருந்தது, வயரிங் மாற்ற வேண்டியிருந்தது, அதனால் அது வாங்கும்போது குடியிருக்கத் தகுந்த வீடே இல்லை என்று எழுதிக் கேட்பார்கள். பழுது பார்க்க வேண்டிய வீடும் வீடுதான் என்று 2025இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோட்டத்து அறையைத் தனி வீடாகக் காட்டிக் கேட்ட சலுகையும் 2024 ஜூன் முதல் ரத்து. இருந்தும் கடிதங்கள் நிற்கவில்லை. எச்.எம்.ஆர்.சி. பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு விசாரிக்கலாம். தவறு என்றால் வட்டியோடும் அபராதத்தோடும் உங்களிடம்தான் கேட்கும். கமிஷன் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார். நேர்மையான கோரிக்கைக்கு இடைத்தரகர் தேவையே இல்லை.

சொலிசிட்டர் தவறான விகிதத்தில் போட்டுவிட்டால் ரிட்டர்னைத் திருத்தலாம், தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 12 மாதம்வரை. அதைத் தாண்டிவிட்டாலும் நான்கு வருடத்துக்குள் அதிகம் கட்டியதாகக் கோர ஒரு வழி இருக்கிறது. ஆனால் நிபந்தனைகள் கடுமை, அதற்குத் தெரிந்தவர் உதவி வேண்டும்.

கோரிக்கையை மறுத்தால் மறுப்புக் கடிதத்திலேயே மேன்முறையீடு செய்யும் வழி எழுதியிருக்கும். பொதுவாக 30 நாள். அதற்குள் மறுபரிசீலனை கேட்டால் முதலில் முடிவெடுத்தவர் இல்லாமல் வேறொரு அதிகாரி பார்ப்பார். அதிலும் ஒத்துவராவிட்டால் வரித் தீர்ப்பாயம். மனு போடக் கட்டணம் இல்லை. “நாங்கள் புதிதாக வந்தவர்கள், சட்டம் தெரியாது” என்று எழுதுவதில் பயன் இல்லை, அவர்கள் பார்ப்பது தேதியும் காகிதமும்தான். மூன்று வருடத்துக்குள் விற்க முடியாததற்கு உங்கள் கையில் இல்லாத அசாதாரணக் காரணம் இருந்தால், உதாரணமாக அரசு அமைப்பு ஏதாவது விற்பனையைத் தடுத்திருந்தால், அதற்கான ஆவணத்தோடு எழுதுங்கள். நல்ல விலை வரவில்லை என்பதை அவர்கள் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.